மெல் மன்றோவுக்குக் கிடைத்த மலையும் வள்ளிக்குக் கிடைத்த மலையும்

ராபின் கார் 2007இல் எழுதிய ‘வர்ஜின் ரிவர்’ நாவலின் நாயகி மெல் மன்றோ ஒரு தாதி. பிரசவம் பார்க்கவும் பயின்றவள். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கடையொன்றில் நடந்த கொள்ளையில் அவள் கணவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்த நகரத்தில் இனி இருக்க முடியாது என்று வட கலிபோர்னியாவின் மலைக்கிராமம் ஒன்றில் வேலையை ஏற்றுக்கொண்டு கிளம்புகிறாள். ஓராண்டுக்கு வாடகை இல்லாத அழகான வீடு என்று ஊர்ப் பெரியமனுஷி ஹோப் மெக்ரே சொல்லியிருந்தாள். வந்து பார்த்தால் குடியிருக்க முடியாத அழுக்கு வீடு.

பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதில் 1920களின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் புறப்படுகிறார்கள். வேலையில்லை, சோறில்லை. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆனைமலைத் தோட்டத்தைப் பற்றி ஆசை காட்டுகிறான். ஒரு வருடம் உழைத்தால் கையில் காசோடு ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் மலையேறியவர்களுக்குக் கிடைப்பது லயத்து அறை, அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை.

இரண்டு கதையிலும் ஆள் பிடிக்க ஒருவர் பொய் சொல்கிறார். இரண்டிலும் மலை, குளிர், புது வாழ்வு என்ற ஆசை. ஒன்று உலகெங்கும் பெண்கள் இரவில் ஆறுதலுக்குப் படிக்கும் காதல் கதையாகி, 2019 முதல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் ஓடுகிறது. மற்றது படித்தவரை நாள்கணக்கில் தூங்கவிடாத நாவல். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு (2013) அடிப்படையானது. இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் இருந்துகொண்டு இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், இரண்டும் பிரியும் இடம் பளிச்சென்று தெரிகிறது.

மெல் முதல் இரவே திரும்பிப் போக முடிவெடுக்கிறாள். மறுநாள் காலை வயதான டாக்டர் முல்லின்ஸின் வாசலில் யாரோ ஒரு பச்சைக் குழந்தையை விட்டுப் போயிருக்கிறார்கள். குழந்தைக்காக நாலு நாள் தங்கலாம் என்கிறாள். அதற்குள் முன்னாள் படைவீரன் ஜாக் ஷெரிடன், ஊரில் மதுக்கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறவன், அந்தப் பாழ் வீட்டை அவள் கேட்காமலேயே செப்பனிடத் தொடங்குகிறான். பயணம் தள்ளிப்போகிறது, மீண்டும் தள்ளிப்போகிறது. இந்தக் காதல் மெல்ல மூளுவதன் சூட்சுமமே இந்தத் தள்ளிப்போடல்தான். அவளிடம் கார் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, அழைத்துக்கொள்ள அக்கா இருக்கிறாள். எந்தக் காலையிலும் போய்விடலாம் என்பதால்தான் அவள் போகாத ஒவ்வொரு காலையும் வாசகருக்கு இனிக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துக்கப்பட்ட ஒரு பெண்ணை அவசரப்படுத்தாமல், அவள் போக்கில் விட்டுக் கதை சொல்வதற்குத் தேர்ந்த கை வேண்டும். ராபின் காருக்கு அது இருக்கிறது.

வள்ளிக்கு அப்படியொரு காலை இல்லை. வருட முடிவில் கணக்குப் பார்க்கும்போது சம்பளம் முன்பணத்துக்கும் அரிசிக்கும் கம்பளிக்கும் போய், மிச்சமாகக் கடன் நிற்கிறது. இனித் திரும்புவது என்றால் ஓடிப்போவதுதான். ஓடினவர் பிடிபட்டால் அடி. அவளும் கருப்பனும் ஏற்கெனவே புருஷன் பெண்சாதி. காதல் மலருமா என்று கேட்க டேனியலுக்கு இடமே இல்லை. இரண்டு பேரும் உயிரோடு இருப்பார்களா என்பதே பக்கத்துக்குப் பக்கம் கேள்வி. அவர்களுக்கிடையில் பிரியம் இருக்கிறது, நிறையவே. அதை விரித்துச் சொல்லத்தான் பொழுதில்லை. விடியுமுன் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டுமே வைத்தியம் பார்ப்பவரின் கதைகள். டேனியலே ஆனைமலைத் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவராக இருந்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். அவர் நாவலில் டாக்டர் ஆபிரகாம் வருவதற்கு முன் வைத்தியம் என்ற பெயரில் நடப்பது கொடுமை. மலேரியா குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோகிறது. ஆபிரகாம் படித்தவர், மாதச் சம்பளக்காரர், பிடிக்காவிட்டால் வண்டியேறிப் போய்விடக்கூடியவர். அதனால் மெல் மன்றோவோடு ஒப்பிட வேண்டியவர் ஆபிரகாம்தான் என்று நினைக்கிறேன். புது இடத்துக்கு வந்து, திகைத்து, மனம் மாற இடமிருக்கும் ஆள் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவரே. மெல் பிரசவம் பார்க்கும் காட்சிகளில் ஊரும் அவளும் நெருங்குகிறார்கள். ஆபிரகாம் நாடி பிடிக்கும் இடங்களிலோ நோயோடு சேர்ந்து தோட்டத்தின் கணக்கும் வெளியே வருகிறது.

ஆனைமலை வேறு, கொட்டகலை வேறுதான். ஆனால் அங்கே மேஸ்திரி செய்ததை இங்கே கங்காணி செய்தார். இங்கே அதற்கு ‘துண்டு’ என்ற கடன் சீட்டும் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கங்காணிக்கு உள்ள கடனை எழுதிய அந்தத் துண்டு வேண்டும். புதிய இடத்தில் கடனைத் தீர்ப்பவரிடம் ஆளும் போய்ச் சேருவார். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களில் ஒன்பது லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டார்கள்: ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். வால்பாறை என்பது வள்ளியும் கருப்பனும் போன அதே ஆனைமலை. இவர்களுக்குப் புது வாழ்வு என்பது இன்னொருவர் போட்ட கையெழுத்து. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

ஹட்டனிலிருந்து நானுஓயா போகும் ரயிலில் கொட்டகலையைத் தாண்டினால் பச்சைச் சரிவுகள், டெவன், சென் கிளயர் அருவிகள், பனி. இனிய காதல் நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்பார். பனியும் அருவியும் போதாது என்பதே நான் சொல்ல வந்தது. போக வழியிருக்கும் ஊரில்தான் தங்கிவிடுவது காதலாகும்.

தோட்டத்தில் காதலே இல்லையென்று இதற்குப் பொருளில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்திருந்த காலத்திலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கொழுந்து மலையில், தேர்த் திருவிழாவில் அது வளர்ந்தது. மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில் ஊரே கூடிப் பார்ப்பது என்ன? ரதி மன்மதன் கல்யாணம், சிவன் மன்மதனை எரிப்பது, ரதியின் புலம்பல், பிறகு மன்மதன் உயிர்த்தெழுவது. இழந்தவளுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைக்கும் கதையை வருடா வருடம் இரவு முழுக்க ஆடிய சனம் இது. ஆறுதல் கதை நமக்கு அந்நியம் என்று சொல்வதற்கில்லை.

மலையக நாவல் என்றால் துயரமும் போராட்டமுமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நம் விமர்சகர்கள் வளர்த்துவிட்டார்கள். டேனியல் எழுதிய காலத்துக்கு அது நியாயம். அந்தக் கோபம் இல்லாமல் அந்த உண்மை வெளிவந்திராது. இன்று கொழும்புக் கடைகளிலும் வளைகுடா வீடுகளிலும் உழைத்துவிட்டுக் கொட்டகலைக்குத் திரும்பி, ஆட்டோ ஓட்டுகிறவர்களும் தையல் மெஷின் போட்டவர்களும் பக்கத்துப் பத்தனையில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களும் இருக்கிறார்கள். லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போன குடும்பங்களும் உண்டு. லயத்திலேயே இருப்பவர்கள் இன்னும் அதிகம். இப்படித் திரும்பியவர்களில் முப்பத்தைந்து வயதில் தனியாக வந்த ஒருத்தியை நாயகியாக வைத்து யாராவது எழுத வேண்டும். அவள் தங்குவதா போவதா என்று சாவகாசமாக யோசிக்கட்டும். ஜாக் வீட்டைச் செப்பனிட்டதுபோல ஒருவன் அவளுக்குக் கூரைத் தகரம் மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு முன்னால், அவள் வீடு நிற்கும் காணியின் உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும்.