குயவர் சக்கரமும் கிளட்ச் செலவும்

போன மாசம் பாண்டியில என் பழைய டீசல் காருக்கு கிளட்ச் மாத்தப் போனேன். "ஃப்ளைவீலும் போயிடுச்சு தம்பி. அதே டூயல் மாஸ் போடவா, சாலிட் போடவா?" என்றார் மெக்கானிக்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கு. 1945-ல் மார்டிமர் வீலர் இங்கே பக்கத்துல அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ரௌலட் பாண்டங்கள் சக்கரத்தில் வனைந்தவை. குயவர் ஒரு தள்ளு தள்ளினால் போதும். அடுத்த தள்ளு வரை சக்கரத்தின் கனமே அதைச் சுற்ற வைக்கும். எஞ்சினில் பிஸ்டன் தள்ளுவதும் விட்டு விட்டுத்தான். அந்த இடைவெளியை நிரப்பும் கனம்தான் ஃப்ளைவீல்.

ஆனா டீசலின் உதறல் அதோட அடங்காது. கியர்பாக்ஸ் வரை போகும். 1985-ல் ஜெர்மனியின் லூக் நிறுவனம் சக்கரத்தை இரண்டாக்கி, நடுவில் ஸ்பிரிங் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுதான் டூயல் மாஸ். உதறலை ஸ்பிரிங் வாங்கிக்கும். ஆனா தேயும், விலையும் அதிகம். சாலிட் ஒரே இரும்பு. மலிவு, லேத்தில் கடைந்து மறுபடி போடலாம். உதறலைத் தாங்க கிளட்ச் பிளேட்டில் உள்ள சின்ன ஸ்பிரிங்குகள் மட்டும்தான். மிச்சம் கியர்பாக்ஸ் தலையில்.

நான் டூயல் மாஸே போட்டேன். பர்ஸ் காலி. ஆனா கியர்பாக்ஸைப் பிரிச்சு வேலை பார்க்கிற செலவு இன்னும் பெருசு. உங்க காருக்குக் கம்பெனி எதைப் போட்டுக் கொடுத்ததுன்னு முதல்ல கேளுங்க. விலையை அப்புறம் கேட்கலாம்.