பதுவைப் பேராலயத்தில் ஒரு பட்டமளிப்பு

பதுவை என்றதும் நம் மக்களின் நெஞ்சில் முதலில் எழும் உருவம் கோடி அற்புதர் புனித அந்தோனியாரே. செவ்வாய்க்கிழமைதோறும் அவரது திருத்தலங்களில் கூடி வேண்டும் நாம், அவர் புதுமை வரம் பெற்றவர் மட்டுமல்லர், ஆழ்ந்த மறைநூல் அறிஞரும் ஆவார் என்பதை நினைப்பது அரிது. 1946ஆம் ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். மறைவல்லுநரைக் குறிக்கும் 'தொக்தோர்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் 'கற்பிப்பவர்' என்பதே வேர்ப்பொருள்.

அதே பதுவை நகரில், அதே சொல்லின் பொருட்டு, ஏறக்குறைய 350 ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு எழுந்தது. கற்றுத் தேர்ந்த பெண்ணொருவரைக் 'கற்பிப்பவர்' என்று அழைக்கலாமா என்பதே அவ்வழக்கு. பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டதுமே, அது திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த இரைச்சல் என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உளர். அவர்கள் இவ்வரலாற்றை அறிவது நலம். இவ்வழக்கு எழுந்தது திருச்சபையின் இல்லத்திற்குள்ளேயே ஆகும்.

ஏழு மொழி அறிந்த நங்கை

எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா 1646ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தை அக்குடியரசின் உயர் அலுவலர். தாயோ எளிய குடியில் பிறந்தவர். சிறுமியின் அறிவுக் கூர்மையை முதலில் கண்டுணர்ந்தவர், அக்குடும்பத்தின் நண்பரான ஜொவான்னி பாப்ரிஸ் என்னும் குருவானவர். அவர் அறிவுரைப்படி ஏழு வயதிலேயே எலேனா இலத்தீனும் கிரேக்கமும் கற்கத் தொடங்கினார். பின்னர் எபிரேயம், அரபு, இசுபானியம், பிரெஞ்சு ஆகியவையும் அவருக்குக் கைவந்தன. கணிதமும் மெய்யியலும் இறையியலும் பயின்றார், இசையிலும் வல்லவரானார். இத்தனைக்கும் நடுவே அவர் நெஞ்சம் நாடியது துறவு வாழ்வையே. 1665ஆம் ஆண்டில் புனித ஆசீர்வாதப்பர் சபையின் இல்லறத் துறவியாகத் தம்மை அர்ப்பணித்து, தந்தையின் மாளிகையிலேயே அச்சபையின் ஒழுங்குகளைக் கடைப்பிடித்து வாழ்ந்தார்.

மகளின் புகழால் குடும்பத்தின் பெயர் ஓங்க வேண்டும் என்ற ஆசை தந்தைக்கு இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், அவருக்கு இறையியல் கற்பித்த பெலிச்சே ரொத்தோந்தி என்னும் துறவி, இறையியலில் முனைவர் பட்டம் பெற எலேனா தகுதியுடையவர் என்று பதுவைப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தபோது, அவ்விண்ணப்பத்திற்கு அடிப்படையாய் இருந்தது அவரது கல்வியே.

ஒரு புனிதரின் மறுப்பு

விண்ணப்பத்தைத் தடுத்தவர் பதுவையின் ஆயரும் பல்கலைக்கழகத்தின் வேந்தருமான கர்தினால் கிரகோரியோ பர்பரிகோ. அவர் தீயவர் அல்லர். அறியாமையை விரும்பியவரும் அல்லர். தம் குருமடத்தைச் சீர்திருத்திப் பெரும் கல்விக்கூடமாக உயர்த்தியவர். ஏழைகளின் தந்தை எனப் போற்றப்பட்டவர். இன்று நம் பீடங்களில் வணக்கம் பெறும் புனிதர். ஆயினும், பெண் கற்பிக்கலாகாது என்னும் பொருள்பட திருத்தூதர் சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதியதே அவர் கண்முன் நின்றது. பெண்ணுக்கு இறையியல் பட்டம் அளித்தால் உலகம் நகைக்கும் என்றும் அவர் அஞ்சினார்.

அதே திமொத்தேயுவுக்கு எழுதிய மற்றொரு திருமுகத்தில், அவருடைய நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததைத் திருத்தூதர் நன்றியோடு நினைவுகூர்கிறார். சொல்வன்மை மிக்க அப்பொல்லோவுக்கு இறைநெறியைத் திருத்தமாய் விளக்கியவர்களுள் பிரிஸ்கில்லா என்னும் பெண்ணும் ஒருவர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஒரு வசனத்தைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை மறந்தால் புனிதர்க்கும் பார்வை குறுகும் என்பதே நாம் இங்குக் கற்கும் பாடம்.

முடிவில் ஓர் உடன்பாடு காணப்பட்டது. இறையியலில் பட்டம் இல்லை, மெய்யியலில் தரலாம். 1678ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் தேர்வு நடந்தது. பல்கலைக்கழக மண்டபம் கொள்ளாத அளவுக்கு மக்கள் திரண்டதால், தேர்வைப் பேராலயத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அரிஸ்டாட்டிலின் நூல்களிலிருந்து எடுத்துத் தரப்பட்ட பகுதிகளை எலேனா இலத்தீனில் விளக்கினார். தேர்வாளர்கள் வாக்கெடுப்புக்கும் காத்திராமல் ஒருமித்த குரலில் அவரை ஏற்றனர். வாகை மாலை, மோதிரம், மேலாடை, நூல் ஆகிய முனைவர்க்குரிய அடையாளங்கள் 32 வயதுப் பெண்மணிக்கு வழங்கப்பட்டன. உலகில் பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி என வரலாறு அவரைக் குறிக்கின்றது.

இறைவனின் இல்லத்தில் வைத்து அப்பட்டம் அளிக்கப்பட்டது. இறைவனைப் பற்றிய கல்விக்காக மட்டும் அளிக்கப்படவில்லை. 1684ஆம் ஆண்டு, தம் 38ஆம் வயதில் எலேனா இறந்தார். அவருக்குப்பின் பதுவைப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவை அடைத்துக்கொண்டது.

மீண்டும் திறந்த கதவுகள்

அடுத்த பட்டத்திற்கு 54 ஆண்டுகள் ஆயின. 1732இல் பொலோஞா பல்கலைக்கழகத்தில் லவுரா பாஸ்ஸி முனைவரானார்; இயற்பியலும் கற்பித்தார். அவருக்குத் துணை நின்றவர் அந்நகரின் பேராயர் லம்பர்த்தீனி. பின்னர் 14ஆம் ஆசீர்வாதப்பர் என்னும் பெயருடன் திருத்தந்தையான அவரே, 1748இல் பெரும் கணித நூலை வெளியிட்ட மிலான் நகர் மரியா கயேத்தானா அஞ்ஞேசியையும் 1750இல் பொலோஞாவின் பேராசிரியப் பதவிக்கு அழைத்தார். அஞ்ஞேசி அங்குச் சென்று கற்பிக்கவில்லை. நோயுற்ற ஏழைப் பெண்களுக்குப் பணிபுரிவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஓர் ஆயர் அடைத்த கதவை மற்றோர் ஆயர் திறந்தார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். தடையும் ஊக்கமும் ஒரே திருச்சபையிலிருந்தே வந்தன.

இறையியலின் கதவோ இன்னும் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் புனித மரியா கல்லூரித் தலைவியான அருட்சகோதரி மடலேவா, பெண்கள் உயர்நிலை இறையியல் பயில ஒரு பள்ளியைத் தொடங்கியது 1943ஆம் ஆண்டில்தான். பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் கத்தோலிக்க இறையியல் கூடம் அந்நாட்டில் அதுவரை இருக்கவில்லை.

அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளை மறைவல்லுநராக அறிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோள், 11ஆம் பத்திநாதரின் காலத்தில் அவர் பெண் என்ற காரணத்தாலேயே ஏற்கப்படவில்லை. எனினும், காலத்தின் அறிகுறிகளைத் தூய ஆவியார் காட்டினார். பர்பரிகோ ஆயரை 1960இல் புனிதராக உயர்த்திய திருத்தந்தை 23ஆம் அருளப்பரே, 1963இல் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் பொதுவாழ்வில் பெண்கள் பங்கேற்பதைக் காலத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964 முதல், பெண்கள் கவனிப்பாளராக அமர்ந்தனர். 1970இல் ஆறாம் சின்னப்பர், தெரேசம்மாளையும் சியன்னா நகர் கத்தரீனம்மாளையும் மறைவல்லுநராக அறிவித்தார். 1997இல் குழந்தை இயேசுவின் தெரேசாவும், 2012இல் ஹில்டகார்டும் அவ்வரிசையில் சேர்ந்தனர். எலேனாவுக்கு மறுக்கப்பட்ட அதே சொல்லைத் திருச்சபை இந்நால்வருக்கும் மாலையாகச் சூட்டியது.

நம் பங்குகளில்

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டில் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான பணியாக நிறுவினார். 2023ஆம் ஆண்டு ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர்.

நம் பங்குகளுக்கு இச்செய்திகள் சொல்வது என்ன? ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளைப் பெரும்பாலும் தாங்கி நிற்போர் பெண்களே. அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தையை எடுத்து விளக்குவோரும் மிகுதியும் அவர்களே. நம் குழந்தைகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுத்தந்த முதல் மறைவல்லுநர் தாயன்றோ? அவ்வாறிருக்க, பங்குப் பேரவையில் அவர்கள் பேசும்போது நாம் எத்துணை கவனத்துடன் கேட்கிறோம்? விவிலியத்தையும் இறையியலையும் முறையாகப் பயில விரும்பும் ஒரு மகளுக்குக் கட்டணம் செலுத்த எத்தனை குடும்பங்கள் முன்வரும்? அவளை அனுப்பிவைக்க எத்தனை பங்குகள் பொறுப்பேற்கும்? இக்கேள்விகள் பொதுநிலையினருக்கு மட்டும் உரியன அல்ல. குருக்களாகிய எமக்கும் உரியன.

வெனிஸ் நகரத்துச் சிறுமியின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் ஒரு குரு. அவளுக்கு உரியதை மறுத்தவரும் ஒரு குருவே. நம் பங்குகளிலும் எலேனாக்கள் பிறக்கின்றனர். முதல் குருவின் கண்ணோடு அவர்களைக் காணும் அருளை, கற்றோருக்கும் கல்லாதோருக்கும் ஆசிரியரான ஆண்டவர் நமக்கு அருள்வாராக.