பொண்ணு பேரை எழுதாத கல்யாணம்

நம்ம ஊர் மணவாளக்குறிச்சி, பேர்லயே மாப்பிள்ளை இருக்காரு. இங்க சம்பந்தம் பேசினா முதல் கேள்வியே, "பொண்ணு யாருக்க மோளாக்கும்?" அதே கேள்வியை 2,300 வருஷத்துக்கு முந்தின ஒரு சம்பந்தத்துல கேட்டுப் பார்ப்போம்.

கிமு 305 வாக்கில், அலெக்சாண்டரின் தளபதியாக இருந்த செலூக்கஸ் சந்திரகுப்த மௌரியரோடு மோதினார். கடைசியில் சமாதானம். இன்றைய ஆப்கானிஸ்தானின் சில பகுதிகள் மௌரியர் கைக்கு வந்தன. பதிலுக்கு 500 யானைகள் போயின. கூடவே ஒரு கல்யாண ஒப்பந்தம். கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ அதை 'எபிகாமியா' என்கிறார்.

கிரேக்கர்களுக்கு அந்த வார்த்தை வெறும் கல்யாணம் இல்ல. ரெண்டு ஊருக்கு நடுவுல பெண் கொடுத்து, பெண் எடுக்குற உரிமை. அது இல்லாட்டி என்ன ஆகும்? ஏதென்ஸில் கிமு 451 சட்டப்படி, அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்களா இருந்தாத்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியாளைக் கட்டினா நஷ்டம் பிள்ளைக்கு.

சரி, செலூக்கஸ் ஒப்பந்தத்துல யார் யாரைக் கட்டினாங்க? ராஜ குடும்பமா, எல்லையில வாழ்ந்த சாதாரண ஜனங்களா? ஸ்ட்ராபோ சொல்லல. சீரியல்ல வர்ற 'ஹெலனா' பழைய கிரேக்க நூல்கள்ல கிடையாது. யானைகளை மட்டும் கிமு 301ல இப்சஸ் போர்க்களம் வரைக்கும் பின்தொடர முடியுது.

"யாருக்க மோளாக்கும்?" பதில் இல்ல. உங்க வீட்டுக் கல்யாணக் கதையை எழுதும்போது, சீர்க் கணக்கோட பாட்டி பேரையும் எழுதி வைங்க மக்களே.