முதல் எழுத்து எந்த ஊர்?

நம் வயதுக்காரர்களில் பலருக்கு இரண்டு இனிஷியல் உண்டு. இரண்டாவது எழுத்து அப்பாவின் பெயர். முதல் எழுத்து ஊரின் பெயர். அப்பாவின் பெயர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊர் எது, எந்தத் தாலுகாவில் இருக்கிறது, அங்கிருந்து யார் எப்போது கிளம்பினார்கள் என்று கேட்டால், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்லுவார்கள்? பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான் உண்மை. நமக்கும் ஒன்று இருந்தது. அதுதான் அந்த முதல் எழுத்து.

நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்போம். பேரன் என்ற சொல்லே அந்த வழக்கத்தைச் சொல்வதுதான். தாத்தா த. கி. ராமன் என்றால், அவர் மகன் த. ரா. கிருஷ்ணன், அவர் மகன் மறுபடியும் த. கி. ராமன். ஊஞ்சல் மாதிரி பெயர்கள் முன்னும் பின்னும் போய் வரும். இதில் மாறாமல் நிற்பது 'த' ஒன்றுதான். அது தஞ்சாவூராக இருக்கலாம், தகட்டூராக இருக்கலாம். ஆனால் மூன்று தலைமுறைக்கும் பொதுவான எழுத்து அது ஒன்றே. மேல்நாட்டார் குடும்பப் பெயர் என்று எதைச் சொல்கிறார்களோ, அந்த வேலையை இங்கே ஊர் செய்துவந்தது.

இது வெள்ளைக்காரன் ஆபீஸ் ரிஜிஸ்தருக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்தது வேண்டுமானால் அந்தக் காலத்துப் பழக்கம். முறை மிகப் பழையது. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். முதலில் ஊர், அடுத்து தந்தை, பிறகு தன் பெயர். இன்றைய முறையில் எழுதினால் ம. க. நக்கீரன்! காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று ஊரும் சேரியும் சேர்ந்த பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார் போன்றவர்களுக்குச் சொந்தப் பெயரே நமக்கு வந்து சேரவில்லை. ஊர்ப்பெயர் மட்டும்தான் மிஞ்சியது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த ஊர்தான்.

சோழர் கல்வெட்டுகளிலும் இதே கதைதான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், நிலம் விற்றவர், கோயிலுக்கு விளக்கு வைத்தவர் என்று எத்தனையோ பேர் இன்ன ஊர் உடையான், இன்ன ஊர் கிழவன் என்று குறிக்கப்படுகிறார்கள். அந்த ஊரில் நில உரிமை உள்ளவர் என்று பொருள். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் மட்சுயி என்பவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை மூன்று தொகுதிகளாகத் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். பெயரோடு ஒட்டியிருக்கும் ஊரையும் பட்டத்தையும் வைத்து யார் நிலமுடையவர், யார் அதிகாரி என்று வரலாறு எழுத முடிந்தது. ஊர் இல்லாத வெறும் பெயராக இருந்திருந்தால் அந்த வேலை பாதிகூட நடந்திருக்காது.

நம் காலத்துக்கு வருவோம். உ.வே.சா. என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். தன் வாழ்க்கை வரலாற்றையே அவர் தன் ஊர்க் கதையில்தான் தொடங்குகிறார். தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டு, அதற்குப் பரிகாரமாக வீடுகள் கட்டித் தானம் கொடுத்த ஊர் என்று சொல்கிறார். கு.ப.ரா.வின் 'கு' கும்பகோணம். கி.வா.ஜ.வின் 'கி' கிருஷ்ணராயபுரம். ஈ.வெ.ரா.வின் 'ஈ' ஈரோடு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

திரு.வி.க.வின் 'திரு' மரியாதைச் சொல் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது திருவாரூர். ஆனால் திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார் பிறந்தது 1883-இல், சென்னைக்குப் பக்கத்தில் துள்ளம் என்ற கிராமத்தில். திருவாரூர் அவருடைய முன்னோர்களின் ஊர். சென்னையில் தொழிற்சங்கம் கண்டு, பத்திரிகை நடத்தி, அங்கேயே வாழ்ந்து முடித்தவர், கடைசிவரை திருவாரூரைப் பெயரில் சுமந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பிடித்த உதாரணம் ரா.பி. சேதுப்பிள்ளை. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து 'ஊரும் பேரும்' என்று 1946-இல் புத்தகம் எழுதியவர். அவருடைய 'ரா', திருநெல்வேலிப் பக்கத்து இராசவல்லிபுரம். ஊர்களின் பேரைத் தேடிப் போனவரின் பேரிலேயே ஊர் இருந்தது.

ஆர்.கே. நாராயண், ஆர்.கே. லக்ஷ்மண் சகோதரர்களை எல்லோருக்கும் தெரியும். அண்ணன் 1906-இல் சென்னையில் பிறந்தார். தம்பி 1921-இல் மைசூரில் பிறந்தார். இருவரையும் உலகம் மைசூர்க்காரர்களாகவே அறியும். அந்த 'ஆர்' ராசிபுரம், இன்றைய நாமக்கல் மாவட்டத்து ஊர். மால்குடி என்ற இல்லாத ஊரை உலகம் முழுவதும் தெரியவைத்தவரின் பெயரில், உண்மையான ஓர் ஊர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

சங்கீத உலகில் இன்னும் ஒரு படி மேல். அங்கே ஊரே ஆள். இன்றைக்கு செம்மங்குடி கச்சேரி என்போம். அரியக்குடி வழி, முசிறியின் நிரவல், லால்குடியின் தில்லானா, காருகுறிச்சியின் நாகஸ்வரம் என்று சொன்னால் யாரும் ஊரை நினைப்பதில்லை, ஆளைத்தான் நினைப்பார்கள். சின்னக் கிராமங்களுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் எது?

நம் பக்கத்து வீட்டுக்காரர்களான தெலுங்கர்கள் இதை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு 'இண்டிபேரு' உண்டு. வீட்டுப் பெயர். அதில் பல ஊர்ப்பெயர்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது திருத்தணிப் பக்கம். ஆனால் அவருடைய சர்வபள்ளி நெல்லூர் மாவட்டத்து ஊர். அவர் மகனும் சர்வபள்ளி கோபால்தான். அப்பா பெயர் பின்னால் போய்விடும், ஊர் போகாது. தங்குடூரி பிரகாசம் 1946-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவர். 1953-இல் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர். தங்குடூரி என்றால் தங்குடூரைச் சேர்ந்த என்று அர்த்தம். 1970-இல் ஓங்கோல் என்ற பெயரில் உண்டான மாவட்டத்துக்கு 1972-இல் பிரகாசம் மாவட்டம் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்த மாவட்டத்துக்குள்ளேதான் தங்குடூரும் இருக்கிறது. ஊர் மனிதனுக்குப் பெயர் கொடுத்தது, மனிதன் அந்த மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் இங்கிலாந்திலும் உண்டு. அந்த நாட்டின் வடகிழக்கில் வாஷிங்டன் என்று ஓர் ஊர். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹெர்ட்பர்ன் என்ற ஊர்ப்பெயரோடு இருந்த வில்லியம் என்பவர் இங்கே நிலம் பெற்று வந்து, தன் பெயரையும் இந்த ஊர்ப்பெயராக மாற்றிக்கொண்டார். அவர் வம்சத்தில் ஒருவர் 1650-களில் அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன். 1791-இல் புதுத் தலைநகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு கிராமத்தின் பெயர் ஒரு குடும்பத்தின் முதுகில் ஏறி, கடல் தாண்டிப் போய்த் தலைநகரமாயிற்று.

இதற்கு நம் நீலகிரியிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1809-இல் பட்டம் பெற்றபோது, தம் குடும்பப் பெயரோடு ஒத்துப்போகிறது என்பதால் இங்கிலாந்தில் வெலிங்டன் என்ற ஊரின் பெயரைத் தேர்ந்தார்கள். அவர் நினைவாகக் குன்னூர்ப் பக்கத்து ராணுவக் குடியிருப்புக்கு 1860-இல் வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் அந்த இடத்துக்கு ஜக்கதளா என்று பெயர். நல்ல வேளை, ஜெகதளா என்ற பெயர் பக்கத்திலேயே இன்னும் உயிரோடு இருக்கிறது.

அவர்களுக்கும் நமக்கும் ஒரே ஒரு வித்தியாசம். வாஷிங்டனையும் சர்வபள்ளியையும் முழுச் சொல்லாக வைத்துக்கொண்டார்கள். நாம் ஊரை ஒரே எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். எழுத்துக்கு ஞாபகசக்தி குறைவு. அதுவும் இங்கிலீஷ் எழுத்து. 'டி' என்றால் தஞ்சாவூரா, திருச்சியா, திருநெல்வேலியா, தூத்துக்குடியா? 'சி' என்றால் சிதம்பரமா, கடலூரா, கோயம்புத்தூரா? சி.என். அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரம். இங்கிலீஷில் காஞ்சீவரத்தை 'சி' போட்டு எழுதிய காலத்து மிச்சம். இன்று அந்த ஊரின் பெயரை எழுதினால் முதலில் அந்த எழுத்து வராது.

எல்லோருக்கும் ஊர் எழுத்து இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா பெயர் மட்டும் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மதுரையும் உண்டு, அம்மா சண்முகவடிவும் உண்டு. அப்துல் கலாம் பெயரில் ஊர் இல்லை. ஆனால் அவுல், பக்கீர், ஜெயினுலாப்தீன் என்று மூன்று தலைமுறை முன்னோர் இருந்தார்கள். நகரத்தார்களுக்கு ஒன்பது ஊர்க் கோயில்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று கோயிலைச் சொன்னாலே பங்காளி வட்டம் தெரிந்துவிடும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. வால் போன பிறகு பெயரில் மிஞ்சியது ஊரும் அப்பாவும்தான். பெருமைப்பட வேண்டிய மிச்சம் அது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சமயம் மூன்று சுப்பிரமணியன்கள். யாரும் இனிஷியல் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேரளத்தார், முசிறியார், அம்பாசமுத்திரம் என்றே கூப்பிடுவார்கள். முசிறியாருக்கு ஊரில் வீடு வாசல் எதுவும் கிடையாது. ஆனாலும் முசிறியார் என்றால் அவர் முகம் மலரும்.

இப்போது பாஸ்போர்ட் காலம். விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நாம் என்ன எழுதுகிறோம்? அப்பாவின் பெயரை. எழுதாமல் விட்டாலும் கஷ்டம். ஒரு கட்டம் காலியான பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில், பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்றெழுத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கிருஷ்ணனின் மகன் ராமன் கிருஷ்ணன் ஆகிறான். அவனுக்கு அங்கே பிறக்கும் பிள்ளையும் கிருஷ்ணன்தான், அதற்கடுத்த பிள்ளையும் கிருஷ்ணன்தான். யாரோ ஒரு தாத்தாவின் பெயர் நிரந்தரமாகிவிடுகிறது. மலேசியாவில் இன்னார் மகன் என்பதற்கு 'அனாக் லெலாக்கி' என்று நடுவில் போட்டு அப்பா பெயரை எழுதுவார்கள். இங்கேயும் அங்கேயும் அப்பாவுக்கு இடம் கிடைத்தது. ஊருக்குத்தான் கட்டமே இல்லை.

இதனால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். பெயர் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. விண்ணப்பம் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் கிளம்பி வந்த பாதை இருக்கிறது. பஞ்சமா, கடனா, படிப்பா, ரயில்வே வேலையா, என்ன காரணத்துக்காகக் கிளம்பினார்கள் என்பது இருக்கிறது. நம் போன்ற சாதாரணக் குடும்பங்களுக்குக் கல்வெட்டு கிடையாது. இருந்த ஒரே கல்வெட்டு அந்த எழுத்து. அதன் பொருள் தெரிந்த கடைசித் தலைமுறை அநேகமாக நாம்தான்.

ஆகவே நண்பர்களே, ஒரு சின்ன வேலை. ஒரு தாளில் உங்கள் முதல் எழுத்தின் ஊரை முழுசாக எழுதுங்கள். தாலுகா, பக்கத்து ரயில் நிலையம், ஆற்றின் பெயர், குலதெய்வம் இருக்கும் இடம், அங்கிருந்து வந்தவர் யார், ஏன் வந்தார் என்பதையும் எழுதுங்கள். ஊர் எழுத்து இல்லாதவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். அநேகமாக அதுவே உங்கள் ஊராக இருக்கும். தெரியாவிட்டால், எண்பது தாண்டிய அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள். எழுதியதை ஒரு பிரதி எடுத்துப் பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள். என்றாவது ஒரு நாள் அவர்கள் தேடும்போது கையில் கிடைக்கட்டும்.