வெள்ளியும் சர்க்கரையும்



முகம் பார்க்கும் கண்ணாடி மங்கினால் "இரசம் போய்விட்டது" என்கிறோம். இன்றைய கண்ணாடிகளின் பின்புறத்தில் இரசம் இல்லை. வெள்ளியோ அலுமினியமோதான் உண்டு. ஆயினும் பழைய தொழிலொன்றின் நினைவை அச்சொல் இன்னும் சுமந்து நிற்கின்றது. இரசத்தை அகற்றி அவ்விடத்தில் வெள்ளியை இருத்துவதற்குச் சர்க்கரை துணை செய்தது என்றால் வியப்பாயிருக்கும். அவ்வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் நூரெம்பேர்க், ஃபூர்த் ஆகிய நகரங்கள் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. வெள்ளீயத் தகட்டின் மீது இரசத்தைப் பரப்பி, அதன்மேற் கண்ணாடியை வைத்து அழுத்துவர். அப்போது எழும் இரச ஆவி தொழிலாளரின் உடலிற் புகுந்தது. கைகள் நடுங்கின, ஈறுகள் புண்ணாகிப் பற்கள் ஆடின. இத்தொழிலாளரின் நோயை ஆராய்ந்த குஸ்மௌல் என்னும் மருத்துவர் 1861இல் அதுபற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

மாற்று வழியோ முன்னரே பிறந்திருந்தது. அல்டிகைட்டு என்னும் பொருள் வெள்ளி உப்பின் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியிற் படியச் செய்வதை லீபிக் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர் 1835இல் கண்டார். 1856இல் அவர் அதற்குப் பாற்சர்க்கரையைப் பயன்படுத்தினார். கரைசலிலுள்ள வெள்ளிக்குச் சர்க்கரை இலத்திரன்களை வழங்கி, அதனை உலோகமாக்குகிறது. இதனைத் தாழ்த்தல் என்பர். எல்லாச் சர்க்கரைக்கும் இவ்வாற்றல் இல்லை. பாற்சர்க்கரைக்கும் குளுக்கோசுக்கும் உண்டு. கரும்புச் சர்க்கரைக்கு, அது பிளவுபட்டாலன்றி, இல்லை. புதுமுறை உடனே வென்றுவிடவில்லை. இரசக் கண்ணாடி பல ஆண்டுகள் போட்டியிட்ட பின்னரே ஒதுங்கிற்று.

கண்ணாடியிற் படிந்த வெள்ளி ஆடியாயிற்று. அதுவே நீரிற் படியாது மிதந்தால் என்னாகும்? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தவரான கேரி லீ 1889இல் சித்திரேற்று உப்பின் துணையோடு அத்தகைய வெள்ளியை ஆக்கினார். பின்னர் மாப்பொருளிலிருந்து பெறப்படும் டெக்ஸ்திரினையும் பயன்படுத்தினார். அது வெள்ளியின் வேறொரு வடிவம் என்று அவர் கருதினார். உண்மையில் அவர் கண்டது மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரில் மிதந்த அதே வெள்ளியே.

நுண்மையால் வரும் பயன் யாது? பக்கம் 1 சென்ரிமீற்றர் உடைய வெள்ளிக் கனமொன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை 5 நானோமீற்றர் பக்கமுள்ள கனங்களாக்கினால் மொத்த மேற்பரப்பு 1,200 சதுர மீற்றராகும். ஊக்கியின் வேலை மேற்பரப்பிலேயே நடைபெறுவதால், சிறிதளவு வெள்ளியே பெரும்பணி ஆற்றவல்லது. ஆனால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டால் அப்பயன் போய்விடும். அவற்றை விலக்கி நிறுத்த ஒரு போர்வை வேண்டும்.

அமெரிக்காவில் ரவீந்திரன், ஃபூ, வாலன் என்னும் ஆய்வாளர் 2003இல் இவ்விரு வேலைகளையும் இனியதோர் எளிமையுடன் இணைத்தனர். குளுக்கோசு வெள்ளியைத் தாழ்த்திற்று; மாப்பொருள் துணிக்கைகளைச் சூழ்ந்து காத்தது; கரைப்பானாக நீரே போதியதாயிற்று. நச்சுத்தன்மையுள்ள ஐதரசீன் போன்ற தாழ்த்திகளை நாட வேண்டியதில்லை.

இத்தகைய வெள்ளியின் ஊக்கத்தைச் சோதிக்க நைத்திரோபீனோல் பயன்படுகின்றது. சோடியம் போரோஐதரைட்டுச் சேர்த்த அதன் கரைசல் நல்ல மஞ்சள் நிறமுடையது; வெறுமனே வைத்தால் நெடுநேரம் மாறாது. சிறிது நுண்வெள்ளியை இட்டால் நிறம் மறைந்து, அமினோபீனோல் உண்டாகிறது. பரசிற்றமோல் மருந்து ஆக்கப்படுவது இவ்வமினோபீனோலிலிருந்தே.

எனினும், சர்க்கரையிற் பிறந்தமையால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பயன்படுத்திய ஊக்கியை ஆற்றில் விடாது மீட்டெடுத்தல் வேண்டும். ஃபூர்த் நகரத்துத் தொழிலாளரின் நடுங்கிய கைகள் நமக்குக் கற்பிப்பது இதுவே: ஒரு பொருள் எவ்வளவு ஒளிர்கின்றது என்பதோடு, அதனை ஆக்குவோருக்கு என்ன நேர்கின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.