கணக்கு: ஒரு சொல்லின் வரலாறு

பாடவேளை அட்டவணையில் 'கணிதம்' என்று எழுதுகிறோம். மாணவரோ 'கணக்குப் பாடம்' என்றே கூறுவர். இரண்டும் ஒரு பொருட் சொற்களெனக் கொள்ளப்படினும், அவற்றின் வரலாறு ஒன்றன்று. 'கணிதம்' எண்ணுதற் பொருள் தரும் வடமொழி அடியிற் பிறந்தது. 'கணக்கு' என்பதனையும் அவ்வடியோடு இணைப்பாருளர். தனித்தமிழே என்று வாதிடுவாருமுளர். வேர் எதுவாயினும், அச்சொல் யார் கையில் எப்பொருள் பெற்றது என்பதே சமுதாய வரலாற்றை நாடுவோர்க்கு வேண்டுவது.

பழைய வழக்கிற் கணக்கு எண்ணோடு மட்டும் நின்றதில்லை. எழுத்து வரிசை நெடுங்கணக்கு எனப்பட்டது. பதினெட்டு நூல்களின் தொகுதி பதினெண்கீழ்க்கணக்கு ஆயிற்று. கணக்காயர் என்றால் ஆசிரியர். நக்கீரரின் தந்தையார் அப்பெயராலேயே அறியப்படுகிறார். ஐரோப்பியரின் 'மத்தமெற்றிக்ஸ்' என்னும் சொல்லும் 'கற்கப்படுவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. எண்ணும் எழுத்தும் பிரியாத கல்விக்கு இரு மொழிகளிலும் ஒரு சொல் நின்றது.

கணக்கு காட்டப்படவேண்டியதும் ஆகும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மறுமுறை தேர்வுக்குத் தகுதியற்றவராக்கிற்று. அது நிலமுடைய பிராமணரின் சபை. உழுதவனுக்கு அங்கே இடமிருக்கவில்லை. எனினும், பொதுப்பணத்தைக் கையாள்பவன் கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்டவன் என்ற கருத்து கல்லிற் பொறிக்கப்பட்டுவிட்டது.

மலைநாட்டுத் தோட்டங்களில் இக்கடமை தலைகீழாயிற்று. கணக்கெழுதுபவனைக் குறித்த 'கணக்கப்பிள்ளை', றொசல்லவிலும் அட்டனிலும் நுவரெலியாவிலும் துரைக்குக் கீழும் கங்காணிக்கு மேலும் நின்று வேலை வாங்கும் உத்தியோகத்தரின் பெயராயிற்று. ஏடு வைத்திருப்பவனே ஏவுபவனானான் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ஒரு நாள் வேலை 'பேர்' எனப்பட்டது. நிர்ணயித்த இறாத்தல் கொழுந்து தேறாவிடின் 'அரைப்பேர்'. உழைப்பவளின் பேரே அளவையாகி, அதிலும் பாதி வெட்டப்பட்டது!

தமிழகத்திலிருந்து வந்த வழிச்செலவும் அரிசி முன்பணமும் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறின. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு'. எழுத்தறியாத தொழிலாளி தன் கடன் எவ்வளவென்று படித்தறிய வழியில்லை. அத்துண்டோ தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிற்று. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, ஏட்டை எதிர்த்துக் கேள்வி கேட்கும் குரல் அமைப்புருப் பெற்றது.

ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைக் குடிமக்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரை எடுத்துக்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு என்று பிரித்தது. 1974இல் அம்மீதியும் சரிபாதியாக்கப்பட்டது. கூட்டலிற் பிழையில்லை, கூட்டப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் சதவீதம் கற்கிறார்கள். தாயின் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கென நூற்றுக்கு 8 கழிக்கப்படுகிறது. தோட்ட நிர்வாகம் 12 சேர்க்கவேண்டும். அந்தச் சீட்டை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம்.