ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கிடையாது

வெள்ளைக்காரர் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1898 இல் வந்தது. வசதியிருந்தும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கைவிட்டவனை மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டச் சொல்ல, அதன் 488 ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. தாலி கட்டிப் பெற்ற பிள்ளையா, கட்டாமல் பெற்றதா என்று அது பேதம் பார்க்கவில்லை. ஆதரவற்றவர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் அரசின் கவலை. அதனால் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள்: மாதம் 50 ரூபாய்.

அடுத்த பிரிவு 489. கொடுப்பவரின் நிலைமையோ வாங்குபவரின் நிலைமையோ மாறியதை நிரூபித்தால் தொகையை மாற்றலாம் என்றது அது. பிள்ளையின் செலவு ஒரே இடத்தில் நிற்காது என்பதை அந்தச் சட்டம் அன்றே அறிந்திருந்தது. ஆனால் கூட்டும்போதும் 50 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அதே பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். அந்த வரம்பு 1923 இல் 100 ரூபாயானது. 1955 இல் 500 ஆனது.

சுதந்திர இந்தியா 1973 இல் புதிய சட்டம் இயற்றியது. 488, 125 ஆனது; 489, 127 ஆனது. விவாகரத்தான பெண்ணும் வயதான பெற்றோரும் உள்ளே வந்தார்கள். 500 ரூபாய் மட்டும் அப்படியே நின்றது. அந்த 500 குடும்பம் மொத்தத்துக்குமா, ஆளுக்கா என்ற வழக்கு 1978 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பால் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைக்கென்று தனியாகக் கேட்க முடிந்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் மதுரையில் ஜூனியராகச் சேர்ந்தேன். எம்.சி. எனப்படும் ஜீவனாம்ச வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் போவதுதான் வேலை. பால்வாடி வயதில் உத்தரவு வாங்கிய பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும். அப்பாவின் சம்பளம் பல மடங்கு ஏறியிருக்கும். அம்மா வந்து, "ஏதாவது கூட்டித் தரச் சொல்லுங்கம்மா" என்பார். ஏற்கெனவே 500 வாங்குகிறவருக்கு 127 இல் மனுப் போட்டும் பயனில்லை. 1956 ஆம் ஆண்டு இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டத்தில் வரம்பு இல்லை, உண்மைதான். ஆனால் அது சிவில் வழக்கு, வருஷக்கணக்கில் இழுக்கும். முஸ்லிம், கிறிஸ்தவத் தாய்மார்களுக்கு அந்த வழியும் இல்லை. அந்த நாளில் அவர்களைத் திருப்பி அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

24 செப்டம்பர் 2001 அன்று ஒரு சட்டத் திருத்தத்தால் உச்சவரம்பு ஒழிந்தது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கவும் அதே திருத்தம் வழி செய்தது. 2020 இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலை 2024 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 உம் 127 உம் முறையே 144, 146 ஆம் பிரிவுகள்.

146 இரு பக்கத்துக்கும் உரியது. வேலை போன தகப்பனும், உடம்புக்கு முடியாதவனும் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் பலர் மனுப் போடாமல் பணத்தை நிறுத்திவிடுகிறார்கள். உத்தரவு மாறாத வரை நிலுவை ஏறிக்கொண்டே போகும். வாரண்டு வரும், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது என்று உச்ச நீதிமன்றம் 1988 இலேயே சொல்லிவிட்டது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நிலுவைக்கான வாரண்டு மனுவை, பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டுவிடுங்கள். பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். தகப்பன்மார்களே, கையில் பணம் குறைந்தால் முதலில் கோர்ட்டில் சொல்லுங்கள். நிலைமை மாறினால் தொகையும் மாறலாம் என்று சட்டம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறது. பிள்ளையைக் காப்பாற்றும் கடமை மாறும் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.